ஆற்றுப் புறம்போக்கில் நாலாம் நம்பர் பந்தல்

கரமனை,
திருவனந்தபுரம்.
திங்கட்கிழமை.

மிகுந்த அன்புக்கும் அதைவிட மிகுந்த மரியாதைக்கும் உரிய அத்தான் யேசுவடியான் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் வேதமாணிக்கம் எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். மற்ற கடிதங்களில் இதை ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போய்விடுவோம். இந்தக் கடிதத்தில் அதுதான் விஷயமே. எலிசாளும் லிபியும் சுகம். அங்கே நீங்களும் ஜெயஷீலா அக்காளும் பிரவின்ராஜும் மருமகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் ஆற்றங்கரையில் என் நெஞ்சின் மேல் வைத்த மலர்வளையத்தைத் திரும்ப எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நீங்கள் பஸ் ஏறிப் போனீர்களே, அதிலிருந்து பதினேழு தடவை போன் அடித்துவிட்டேன். மணியே அடிக்கவில்லை. லிபியிடம் கேட்டதற்கு, "அப்பா, மாமா உங்கள பிளாக் பண்ணி மூணு வருசமாச்சு, இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?" என்றாள். ஆகவே பேப்பரும் பேனாவும் எடுத்திருக்கிறேன். பத்தாங்கிளாஸை இரண்டு தடவை எழுதியும் அது என்னை விட்டபாடில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் பழையதை ஒத்துக்கொள்கிறேன். பிரவின்ராஜ் கல்யாணத்துக்கு, சொந்த மச்சினன் இருபத்திரண்டு வருஷமாகப் பந்தல் கட்டுகிறவனாயிருக்க, என் கடை எலிசா ஹயரிங்ஸ் என்றால் கரமனையிலிருந்து தம்பானூர் வரை பந்தலுக்கும் நாற்காலிக்கும் பெயர் சொல்லுமாயிருக்க, நீங்கள் மார்த்தாண்டத்துக் கடைக்காரன் ஒருவனிடம் பந்தல் சொன்னீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பந்தலுக்குக் கீழே கால் வைக்க மாட்டேன் என்று வெளியே உச்சி வெயிலில் நின்றேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிரியாணித் தட்டு. சாப்பிடுவதற்கு மூன்றாவது கை இல்லாததால் எலிசாள் வந்து ஊட்டிவிட்டாள். கல்யாண வீடியோவில் பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டும் இடத்தில் பின்னால் ஒரு குடை தெரிகிறதே, அது நான்தான். அன்றைக்கு நின்ற பேச்சு மூன்று வருஷமாக நிற்கிறது. இப்போது என்னை அடக்கம் பண்ண வந்தவரையும் ஏமாற்றி அனுப்பிவிட்டேன். அக்காள் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் எனக்குள்ள கவலை. வீட்டுப் படியை எனக்கு மூடிவிடாதீர்கள் அத்தான். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் லிபி, "நம்ம குடும்பம் கல்யாணம், சாவு ரெண்டுக்கும் தவிர எங்கயாவது போயிருக்கா? அங்கயும் நீங்க ஏணி மேல நிப்பீங்க, அம்மா நாற்காலி எண்ணுவா" என்றாள். எலிசாள் உடனே என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தால் நான் குற்றவாளிதான், விசாரணை கிடையாது. லிபிக்குக் கழக்கூட்டத்தில் ஆபீஸ் வேலை. அங்கே எல்லாரும் லீவு நாளில் காட்டிலும் ஆற்றங்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்குகிறார்களாம், அதற்கு கேம்பிங் என்று பேராம். வெள்ளநாடு தாண்டி நம்ம கரமனை ஆற்றின் மேல்கரையில் புறம்போக்கு நிலத்தை ஒரு பஞ்சாயத்து வெட்டிச் செதுக்கி, ஆறு பிளாட் போட்டு, நம்பர்க் குற்றி நட்டு, கக்கூஸ் கட்டி, காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்த் தங்கலாம். லிபி போனிலேயே நாலாம் நம்பர் பிளாட்டைப் பிடித்துவிட்டாள். போர்டில் போட்டிருக்கிற சட்டம்: ஒலிபெருக்கி கூடாது, பிளாஸ்டிக் பை கூடாது, அஞ்சு மணிக்கு மேல் ஆற்றில் இறங்கக் கூடாது, கூடாரம் அவரவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

சொந்தமாக! அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். லிபி தன் சிநேகிதி ஷெமியிடமிருந்து ஒரு டென்ட் இரவல் வாங்கி வந்திருந்தாள். தலையணை உறை மாதிரி ஒரு பை. அதை அவிழ்த்து உதறினால் குடை விரிகிற மாதிரி தானாக விரிகிறது. குனிந்து நுழைய வேண்டும். நுழைந்தால் நிமிர முடியாது. நிமிர்ந்தால் டென்ட் நம்மோடு எழுந்துவிடுகிறது. நானே நுழைந்து பார்த்து, டென்டோடு ஹாலைச் சுற்றி வந்து டிவியில் முட்டினேன். "மோளே, இது கூடாரம் இல்ல, கொசுவலை. பந்தல்காரன் மகள் இரவல் கூடாரத்துல படுத்தாண்ணு வெளிய தெரிஞ்சா நான் கடையப் பூட்ட வேண்டியதுதான்" என்றேன். "அப்பா, பிளீஸ், சின்னதா இருந்தாத்தான் கேம்பிங்" என்று கெஞ்சினாள். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டெம்போவில் இருபதுக்கு முப்பது பந்தல் சாமான், நீலத் தார்ப்பாய், சிவப்பு நாற்காலி நாற்பது, சாப்பாட்டு மேசை இரண்டு, மேசைக்கு வெள்ளை விரிப்பு, சாயா போட ஸ்டவ், பெரிய கெட்டில் எல்லாவற்றோடும் லிபியையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். மூன்று பேருக்கு நாற்பது நாற்காலி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். காவலுக்கு இருந்த அஜினும் அதைத்தான் கேட்டான். பந்தல் கட்டிவிட்டுக் கீழே நாற்காலி போடாவிட்டால் எனக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது. அதை அவனிடம் எப்படிச் சொல்ல? "ஆளுக வருவாங்க" என்று சொல்லிவைத்தேன். பிளாட் பன்னிரண்டடிச் சதுரம். என் பந்தல் மூன்று, நான்கு, ஐந்து மூன்றையும் மூடி நடைபாதையில் பாதியையும் விழுங்கியது. அஜின் போர்டை மேலிருந்து கீழே இரண்டு தடவை வாசித்தான். "சொந்தம்ணு இருக்கு, எம்பிடு பெருசுண்ணு இல்லியே" என்று தலையைச் சொறிந்தான். "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, நான் சாப்பிட்டுட்டு வாறேன்" என்று போனவன் நெடுநேரம் வரவில்லை.

எலிசாள் டெம்போவில் நாற்காலிக்கு நடுவில் உட்கார்ந்து வரமாட்டேன் என்றதால், சோறும் கோழியும் சமைத்துக்கொண்டு பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. ரோட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற முக்கு அவளுக்குத் தெரியாது. அங்கே போனும் எடுக்காது. கம்பம் நாட்டும்போது நான் ஆற்றில் வழுக்கி விழுந்து என் கறுப்புப் பேன்ட் நனைந்திருந்தது. கைலிக்கு மாறிக்கொண்டு, பேன்டை ஒரு மூங்கிலின் நுனியில் கட்டி, ரோட்டு முக்கில், ஆற்றைப் பார்த்துச் சற்றே சாய்த்து நட்டேன். பேன்டும் உலரும், எலிசாளுக்கு வழியும் தெரியும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அத்தான், சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டால் வருகிறவர்களுக்கு வழி தெரிய முக்கில் கறுப்புக் கொடி கட்டுவதும் எங்கள் வேலைதான். இந்தக் கையால் ஐந்நூறு கொடியாவது கட்டியிருப்பேன். அந்தச் சாய்வு கூட அந்தச் சாய்வுதான்! கைக்குத் தெரிந்தது மண்டைக்குத் தெரியவில்லை. நீலத் தார்ப்பாய், கீழே வரிசையாகச் சிவப்பு நாற்காலி, முக்கில் கறுப்புத் துணி. இந்த ஊரில் பிறந்த பச்சைப் பிள்ளையும் அதைப் பார்த்தால் சிரிப்பை நிறுத்திவிடும்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு கல்யாண வீட்டில் வேலை, கண் எரிந்தது. எலிசாள் வெள்ளநாட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டாளோ என்று லிபி அவளைத் தேடிப் போனாள். நான் இரண்டு மேசையையும் சேர்த்துப் போட்டு, ஒரு வெள்ளை விரிப்பைக் கீழே விரித்து, ஈக்குப் பயந்து இன்னொரு வெள்ளை விரிப்பைத் தலையோடு கால் மூடிக்கொண்டு, பந்தலுக்கு நட்டநடுவில் மல்லாந்து படுத்தேன்.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் வந்தது பக்கத்து வளைவில் குடியிருக்கிற ரத்னாபாய். கொடியைப் பார்த்து இறங்கி வந்திருக்கிறாள். மூடிக் கிடக்கிற உருவம், கம்பத்தடியில் ஈரச் செருப்பு, சொந்தம் என்று ஒரு ஈ காக்கை இல்லை. "ஐயோ பாவம், ஆத்துல போன ஆளாக்கும்! போலீசு வராம ஆரும் துணியத் தொடப்பிடாது கேட்டோ" என்று அவளே சட்டம் போட்டு, அவளே அக்கம்பக்கத்துக்கு ஆள் அனுப்பி, சாவு வீட்டில் செய்கிற முறைப்படி என் ஸ்டவ்வில், என் கெட்டிலில், என் தேயிலையைப் போட்டுப் பாலில்லாத கட்டன்சாயா காய்ச்சி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். ஒருமணி நேரத்தில் முப்பது நாற்காலி நிறைந்துவிட்டது. வார்டு மெம்பர் வந்து என் தலைமாட்டில் ஒரு நிமிஷம் மௌனமாக நின்று, இந்த ஆற்றுக் கடவுக்குப் படிக்கட்டு கட்டியே தீருவேன் என்று வாக்குக் கொடுத்தாராம். நான் குறட்டை விடுகிறவன், அது அக்காளுக்குத் தெரியும். ஆற்றுச் சத்தத்தில் ஒருத்தர் காதிலும் அது விழவில்லை.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் போனவர் நம்ம சேஷன். கரமனை அக்ரஹாரத்தில் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர், எனக்கு எத்தனையோ கல்யாணத்தில் கூட்டாளி. பாத்திர வண்டியில் போனவர், முக்கில் கொடியையும் கீழே என் படம் போட்ட டெம்போவையும் பார்த்துவிட்டு, இறங்கி விசாரிக்க நேரமில்லாமல், டெம்போவில் இருக்கிற என் படத்தையே போனில் பிடித்து, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, இடத்தையும் சேர்த்து எங்கள் தொழில்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நேற்றுக் கடைக்கு வந்து என்னையே கோபிக்கிறார்: "ஓய் மாணிக்கம், நானா பொய் சொன்னேன்? தார்ப்பாய் இருந்தது, நாற்காலி இருந்தது, கொடி இருந்தது. நீர் உசிரோட இருக்கீர்ங்கறதுக்கு மட்டும் அங்க ஒரு அடையாளமும் இல்லையே! அழுதுண்டே அம்பது பேருக்கு அவியல் கிண்டினேன், தெரியுமா? உப்பே போட வேண்டியிருக்கலை."

அந்தப் படம் குழுவிலிருந்து குழுவுக்குத் தாவி மார்த்தாண்டத்தில் பிரவின்ராஜ் கைக்கு வந்து, அக்காள் மயங்கி விழுந்து, நீங்கள் சட்டையை மாற்றாமல் பஸ் ஏறி, வழியில் மலர்வளையம் வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்தீர்கள் என்று அக்காள் நேற்று எலிசாளிடம் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் வைத்துவிட்டாள்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமான பகுதி. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். நீங்களும் அப்படியே வாசியுங்கள்.

நீங்கள் வளையத்தை என் நெஞ்சில் வைத்துவிட்டு, விரிப்போடு சேர்த்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு அழுதீர்களே, அப்போது நான் விழித்துவிட்டேன். முதலில் எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாக இருந்ததால் ஒரு நிமிஷம் மேலே போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்தேன். அங்கேயும் கட்டன்சாயா வாசம் வருகிறதே என்று யோசித்தபோது உங்கள் குரல் கேட்டது.

"லே மாணிக்கம், ஒனக்கு என்னலே இம்புட்டு அவசரம்? கிறிஸ்மஸுக்குப் பேசிரலாம், ஈஸ்டருக்குப் பேசிரலாம்ணு நான் தள்ளித் தள்ளிப் போட்டேனே லே!"

மூன்று வருஷம் கழித்துக் கேட்கிற குரல். உடனே எழுந்து, "அத்தான், நான் இங்க இருக்கேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் அடுத்ததைச் சொல்லிவிட்டீர்கள்.

"நீ கெட்டுன பந்தல்ல ஒரு சொட்டு ஒழுகுனதுண்டா? அந்தக் கடைக்காரன் பந்தலு சாயங்கால மழைக்கு ஒழுகிச்சு லே. ஒங்க அக்காளுக்குக் கூடத் தெரியாது. நான்தான் மேடைக்குப் பொறத்த பக்கெட்டு வச்சேன்."

அத்தான், இதைக் கேட்ட பிறகு எந்தப் பந்தல்காரனால் எழுந்திருக்க முடியும்? மூன்று வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த சொல் அது. எனக்குள்ளே சந்தோஷம் பொங்கி, காதுவரை சூடேறிவிட்டது. சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தேன். இன்னும் கொஞ்சம் சொல்லட்டும், இன்னும் ஒரே ஒரு வாக்கியம், பிறகு எழுந்துவிடலாம் என்று பிணம் மாதிரிக் கிடந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் உண்மையாக அழுதுகொண்டிருக்க, நான் புகழ்ச்சி கேட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன். நீங்கள் என் காலைப் பிடித்திருந்த பிடியை இறுக்கினீர்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்.

"வேற கடைக்கு ஏன் சொன்னேன்? எந்தக் கல்யாணத்துலயும் நீ ஏணியிலதான் நிக்க. எம் மவன் கல்யாணத்துலயாவது வெள்ளச்சட்டை போட்டு மொத வரிசையில இரிக்கட்டும்ணு நெனச்சேன். ஒங்கிட்டச் சொன்னா நீ வழக்குப் பிடிப்பண்ணு சொல்லல. நீ பாத்தா வெளிய கொடையோட நிக்க, களுத!"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிரிப்பு எல்லாம் போய்க் கண்ணில் நீர் வந்தது. கண்ணீர் காதுக்குள் இறங்க, வளையத்திலிருந்த ஏதோ ஒரு பூவின் தூள் விரிப்புக்கு உள்ளே வந்து மூக்கில் ஏற, நான் தும்மினேன். சாதாரணத் தும்மல் இல்லை, விரிப்பு பறந்து ரத்னாபாய் தலையில் விழுந்த தும்மல். பிறகு பந்தல் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். நாற்காலி ஏழு உடைந்தது. மெம்பர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அப்போதுதான் பல் குத்திக்கொண்டு திரும்பிய அஜின் என்னைப் பார்த்துவிட்டு நேரே ஆற்றில் குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதால் ரத்னாபாய் தலையில் விரிப்போடே போய் அவனைத் தூக்கினாள். இத்தனைக்கும் நடுவில் நான் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கிற பழக்கத்தில், "வாங்க அத்தான், சாப்பிட்டியளா?" என்று கேட்டேன்.

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். வளையத்தை எடுத்தீர்கள். போய்விட்டீர்கள்.

எலிசாளும் லிபியும் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தபோது கண்டது கவிழ்ந்த நாற்காலிகளும், ஈரத்தோடு நடுங்குகிற அஜினும், நடுவில் கைலியோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த நானும்தான். எலிசாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செத்தவருக்கு எடுத்து வைக்கட்டா, இருக்கறவருக்கு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டுக் கோழியை ரத்னாபாய்க்கே முழுக்கக் கொடுத்துவிட்டாள். லிபி ஷெமியின் சின்ன டென்டைப் பையிலிருந்து எடுத்து உதறி, உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து ரொம்ப நேரம் டென்ட் குலுங்கியது. பிள்ளை அழுகிறாளோ என்று பயந்து காதை வைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஆகையால் அத்தான், இந்தக் கடிதத்தின் மூலம் நாலு காரியங்களைச் சத்தியமாக உறுதி சொல்கிறேன். இனி என் ஆயுசில் எந்த ஆற்றங்கரைப் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன். புறம்போக்கு நிலத்தில் ஒரு மூங்கில் கூட நாட்ட மாட்டேன். நீங்கள் அழுதபோது நான் விழித்துக் கிடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், அதற்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன், இனி முகத்திலேயே விழிக்காதே என்றாலும் சரி. பக்கெட் விஷயம் அக்காளுக்குப் போகாது. ஒரு வரி பதில் எழுதினால் போதும். எழுத மனமில்லாவிட்டால் வெறும் கார்டையாவது அனுப்புங்கள்.

அக்காள் காலில் விழுந்ததாகச் சொல்லவும். பிரவின்ராஜுக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டின்மேல் ஆண்டவருடைய நிழல் எந்நாளும் இருக்கட்டும். அது ஒழுகாத பந்தல்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கிற (நிற்க முடிகிற),
வேதமாணிக்கம்

பி.கு.: மேலே எழுதின எல்லாவற்றையும் அடித்துவிடவும். உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. "எலிசா ஹயரிங்ஸா?" குரலைக் கேட்டதும் பசை டப்பா கையிலிருந்து விழுந்தது. ஆனால் நீங்கள் என்னைத் தெரியாதது போலக் கேட்டதால் நானும் தெரியாதது போலவே, "ஆமா, என்னா வேணும் சார்?" என்றேன்.

"வாற சனியாழ்ச்சைக்கு ஒரு பந்தல் வேணும். இருவதுக்கு முப்பது. ஆத்தங்கரையில."

"என்ன விசேசம் சார்? கல்யாணமா, மத்ததா?"

"ரெண்டும் இல்ல. சும்மா இரிக்கதுக்கு. எங்க வீட்டுல நாலு பேரு, அங்க மூணு பேரு."

"நாற்காலி?"

"ஏழு. எட்டாவது ஒண்ணு கண்டா நான் திரும்பிப் போயிருவேன். பந்தலு ஓனரே வந்து கெட்டணும். கெட்டி முடிச்ச ஒடனே ஏணிய வண்டியில ஏத்திரணும், ஓனரு எறங்கி மொத வரிசையில இரிக்கணும்."

"ஏழு நாற்காலிக்கு ஒரே வரிசைதான் சார்," என்றேன். அதற்கு மேல் வியாபாரம் பேச முடியவில்லை. "அத்தான், நான் முழிச்சித்தான் கெடந்தேன்" என்று உளறிவிட்டேன்.

அதற்கு நீங்கள் சொன்னதை நான் மறந்துவிடாமலிருக்க இங்கேயே எழுதிவைக்கிறேன். கடிதத்தையும் தபாலில் போடவில்லை, சனிக்கிழமை பந்தலுக்குக் கீழே கையில் தருகிறேன்.

"தெரியும் லே. பக்கெட்டுக் கதை கேட்டதும் ஒனக்க காலு பெருவெரலு சந்தோசத்துல ஆடிச்சு, பாத்தேன். அதுவரைக்கும் சொன்னது செத்தவனுக்கு. பொறவு சொன்னது ஒனக்கு."